ராஜா அழுத எபிசோடு

ஃப்ரீசர் பெட்டி வாசற்படியில் மாட்டிக்கொண்டது. பின்னால் பிடித்திருந்தவர்கள் தள்ளினார்கள். முன்னால் பிடித்திருந்தவர்கள், "இரு, இரு, விரலு" என்று கத்தினார்கள். டிவி ஸ்டாண்டை நகர்த்தினால்தான் பெட்டியை ஹாலுக்குள் திருப்ப முடியும் என்று வண்டிக்காரர் சொன்னார்.

"டிவிய பாத்து எடுங்கடா. ஒயரு பிச்சிகினு வந்துடப் போவுது," என்றார் கஜபதி, நாற்காலியை விட்டு எழாமல்.

விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் அம்மாவின் மூச்சு நின்றதிலிருந்து அப்பா பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். லாவண்யாவுக்கு ஆச்சரியமாக இல்லை. ஆச்சரியப்படுகிற காலமெல்லாம் எப்போதோ போய்விட்டது. தம்பி விக்ரம் டிவியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போக, அவள் ஒயரைக் கையில் பிடிக்காமல் வேண்டுமென்றே தரையில் இழுபட விட்டாள். அப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெட்டி உள்ளே வந்தது. அம்மா வனஜாவைக் கிடத்தி, கண்ணாடி மூடியைப் போட்டு, ஒயரைச் சொருகியதும் அது குளிர்சாதனப் பெட்டி மாதிரியே முனக ஆரம்பித்தது. கோவில்பதாகையில் அந்தத் தெரு முழுக்க ராணுவ டேங்க் ஃபேக்டரிக்காரர்கள் வீடு. குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டே லோன் போட்டு மனை வாங்கிக் கட்டியவர்கள். ஒருத்தர் வீட்டு விஷயம் இன்னொருத்தருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தவர்கள் எல்லாம் வரிசையாக வந்தார்கள். எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லி வைத்தாற்போல் அதையே சொன்னார்கள்.

"கொடுத்து வெச்சவ."

கரையான்சாவடியிலிருந்து வந்த மங்களம் அத்தை, அப்பாவின் அக்கா, ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே மார்பில் அடித்துக்கொண்டாள். "என் தம்பிய தனியா வுட்டுட்டுப் பூட்டியே வனஜா! அவனுக்கு யாருடி சோறு போடுவாங்க!" பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, லாவண்யாவைப் பார்த்தாள். "மூஞ்சில இன்னா களை பாத்தியா? பூவோட பொட்டோட போறா. மூணு மணிக்கு எடுக்கும்போது உங்கப்பன் கையாலயே பொட்டு வெச்சி, பூ வெச்சி அனுப்பணும். தட்டு ரெடி பண்ணி வை."

"வேணாம் அத்த."

"இன்னா வேணாம்?"

"நைனா வெக்க வேணாம். நான் வெக்கறேன்."

மங்களம் அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "துக்கத்துல புத்தி பேஜாராயிட்ச்சி இவளுக்கு," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, மறுபடியும் அழ ஆரம்பித்தாள்.

லாவண்யாவுக்குப் புத்தி சரியாகத்தான் இருந்தது. அம்மாவிடம் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்திருந்தாள்.

அப்பாவும் அம்மாவும் பேசி வருஷக்கணக்கில் ஆகிறது. பெரிய சண்டை என்று ஒன்றும் கிடையாது. கஜபதி டேங்க் ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆன அன்று சாயங்காலம், மாலையும் சால்வையுமாக அவரை வேனில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். கூட வந்த ஆட்களுக்குப் போண்டாவும் காபியும் கொடுத்துக்கொண்டே வனஜா, "இத்தினி நாளு இவரு கூட ஆயிரம் பேரு சேர்ந்து டேங்க் பண்ணீங்க. இனிமே இந்த ஒரு டேங்க நான் ஒண்டியா ஊட்ல வெச்சி மேய்க்கணும்," என்றாள். வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கஜபதியும் சிரித்தார். வேன் போனதும் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அன்றோடு சரி. அவளிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச்சுதான் நின்றதே தவிர, வேலை வாங்குவது நிற்கவில்லை. லாவண்யா கல்யாணம் ஆகி வேலப்பன்சாவடியில் இருக்கிறாள். அங்கேயே ஒரு காலேஜ் ஆபீசில் வேலை. அட்மிஷன் கூட்டத்துக்கு நடுவில் அப்பாவின் ஃபோன் வரும். "உங்கம்மா கைல சொல்லு, சாம்பார்ல உப்பு கீதா இல்லியானு ஒரு வாட்டி வாயில ஊத்திப் பாக்கச் சொல்லு." அப்பா உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டுகிற சமையலறையில்தான் அம்மா நின்றுகொண்டிருப்பாள். லாவண்யா அம்மாவுக்கு ஃபோன் பண்ணுவாள். "கேட்டுச்சி, கேட்டுச்சி. எனக்கு இன்னா காது செவுடா?" என்பாள் வனஜா. பெங்களூரில் இருக்கிற விக்ரமுக்கும் இதே உத்தியோகம் உண்டு.

முதலில் வனஜா கெஞ்சினாள். பிறகு திட்டினாள். அதன்பின் இரண்டையும் விட்டுவிட்டு மொபைலை எடுத்துக்கொண்டாள்.

மாடியில் வாடகைக்கு இருக்கும் ரோஷினிதான் பழக்கிவிட்டவள். ஈரோட்டுப் பெண், அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. கொரியாக்காரனும் சீனாக்காரனும் எடுத்த ராஜா ராணிக் கதைகளைத் தமிழில் பேசவைத்துப் போடுகிறார்கள் அல்லவா, அதில் ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டினாள். வனஜா அன்றைக்கு உளுந்து ஊறப்போட்டதை மறந்துபோனாள். பிறகு வரிசையாக எத்தனையோ பார்த்தாள். பட்டு அங்கி, தேநீரில் விஷம், கூரை மேல் ஓடுகிற வாள்வீரன், எதற்கெடுத்தாலும் பனிமழை. பார்த்தாளே தவிர மயங்கவில்லை. அவளைப்போல் அந்த ராஜாக்களைத் திட்டியவள் யாரும் இருக்க முடியாது.

"முப்பது எபிசோடு காத்துக் கெடந்து ஒரு முத்தம். அதுவும் அந்தப் பொண்ணு கண்ண முழிச்சிகினு மரம் மாதிரி நிக்குது. பேஜாரு," என்பாள். திட்டுவதை அவள் மனசுக்குள் வைத்துக்கொள்வதும் இல்லை. வீடியோவுக்குக் கீழே எல்லோரும் எழுதுகிற இடத்தில் தானும் போடுவாள். தட்டெழுத வராது, மைக்கை அமுக்கிவிட்டு, சமையலறையில் நின்று உரத்த குரலில் சொல்லுவாள். "யோவ் ராஜா, ஒனக்கு நாடு ஆளத் தெரியுது, பொண்டாட்டிகிட்ட மன்னிப்பு கேக்கத் தெரியலியே." ஹாலில் செய்தி விவாதம் பார்த்துக்கொண்டிருக்கும் கஜபதி டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். அவள் தன் சத்தத்தைக் கூட்டுவாள். அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு என்று மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

கடைசியாகப் பார்த்த கதைக்கு 'வடக்கு அரண்மனை' என்று பேர். யாரோ ஒரு மந்திரி கோள் சொன்னான் என்பதற்காக, ராணியை ராஜா வடக்கே ஓர் அரண்மனையில் பூட்டிவைத்துவிட்டு எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். அவளுக்கு மருந்து கொண்டுவருகிற வைத்தியன் மட்டும் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவான். வனஜா வைத்தியன் கட்சி. ரோஷினி ராஜா கட்சி. மாடிப்படியில் நின்று இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். "ஆன்ட்டி, ராஜா உள்ளுக்குள்ள அவள லவ் பண்றாருங்க." "உள்ளுக்குள்ள வெச்சிகினு இன்னா ஊறுகாயா போடப்போறான்?"

அம்மாவுக்கு இருதயம் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரத்தில்தான் அதன் கடைசி எபிசோடு வந்தது. வலது கையில் ஊசி இருந்ததால் லாவண்யா ஃபோனைப் பிடித்துக்கொண்டாள். ராணி செத்துப்போகிறாள். ராஜா பனியில் ஓடிவந்து அவளை மடியில் போட்டுக்கொள்கிறான். தங்கக் கொண்டையூசியை எடுத்து அவள் தலையில் சொருகிக் கதறுகிறான். வைத்தியன் எங்கே போனான் என்று ஒருத்தரும் காட்டவில்லை.

லாவண்யாவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்தபோது அவள் முகம் சிவந்து கிடந்தது.

"கீய போ. இன்னா எழுதிக்கீறாங்க பாப்போம்."

லாவண்யா திரையைக் கீழே தள்ளினாள். மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் அழுதேன் என்று ஒருத்தி. இதுதான் உண்மையான காதல் என்று இன்னொருத்தி. இப்படி அழுகிற புருஷன் கிடைத்தால் நாளைக்கே சாகத் தயார் என்று ஒருத்தி இருதயப் படங்களாகப் போட்டிருந்தாள். வனஜா ஆக்ஸிஜன் குழாயை மூக்கிலிருந்து நகர்த்திவிட்டு, "மைக்க அமுக்கு" என்றாள்.

"முப்பத்தஞ்சு எபிசோடு அவள பூட்டி வெச்சான். ஏண்டி எப்டி கீறேனு ஒரு வார்த்த கேக்கல. செத்தப்புறம் தலையில ஊசி சொருவி அழுதா அது காதலா? உயிரோட இருந்தப்ப அந்தத் தல எங்கடா போச்சி?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஓடிவந்து குழாயைச் சரிசெய்தாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பதில்கள் வர ஆரம்பித்தன. கதை புரியாதவர்கள் பார்க்காதீர்கள் என்றார்கள். கல் நெஞ்சக்காரி என்றார்கள். ஒரு பெண், சிரிக்கிற பொம்மை முகம் நாலைந்து போட்டு, 'ஆன்ட்டி, உங்க வீட்டுக்காரர் உங்கள லவ் பண்ணலன்னா அதுக்கு நாங்க என்ன பண்றது?' என்று எழுதியிருந்தாள்.

லாவண்யா சட்டென்று ஃபோனைத் திருப்பினாள். அதற்குள் அம்மா படித்துவிட்டாள்.

"இந்தப் பொண்ணு புத்திசாலி," என்றாள் பிறகு.

"உடும்மா. எவளோ கழுதை."

"இல்லடி. அந்த ராஜா நடிக்கிறான்னா கூட நான் மன்னிச்சிடுவேன். அவன் நெஜமாவே அழறான். அதான் எனக்கு எரியுது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "த பாரு. நான் பூட்டேன்னா உங்கத்த வந்து நிப்பா. புருசன் கையால பொட்டு வெய்யி, பூ வெய்யினுவா. அந்தாளும் வெப்பாரு. அழுவாரு. தெருவே பாத்துட்டு இன்னா பாசம், இன்னா பாசம்னும். ஒரு பொட்டுல அத்தினி வருசத்தையும் தொடச்சிகினு பூடுவாரு. அந்தாளு கை என் மேல படக் கூடாது. நீதான் பாத்துக்கணும்."

"இப்ப எதுக்கும்மா இந்தப் பேச்சு?"

"கைல அடி."

ஊசி இல்லாத கையை நீட்டினாள். லாவண்யா அடித்துக் கொடுத்தாள்.

அதோடு முடிந்ததென்றுதான் நினைத்தாள். மறுநாள் இளநீரோடு பார்க்க வந்த ரோஷினி, கடைசிக் காட்சியில் தான் அழுத கதையைச் சொல்ல, அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பாவும் ஒரே ஒரு தடவை வந்தார். வார்டு வாசலிலேயே நின்று, "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று லாவண்யாவைக் கேட்டுவிட்டு, கஞ்சி ஃப்ளாஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கட்டில் பத்தடி தூரத்தில் இருந்தது. அம்மா முழித்துக்கொண்டுதான் இருந்தாள். செருப்புச் சத்தம் தேய்ந்து போகும்வரை விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சம்பந்தமே இல்லாமல் சொன்னாள்:

"ராத்திரில ஹால் லைட்ட அணைச்சிடாதீங்க."

"ஏம்மா?"

"அவருக்கு இருட்டுனா ஆவாது. சின்ன வயசுலருந்தே அப்படித்தான். வெளிய சொல்லமாட்டாரு. இத்தினி வருசமா நான் அணைக்க மறந்துட்றேன்னு நெனச்சிகினு கரண்டு பில்லுக்கு உங்ககிட்ட கத்திகினு கெடக்குறாரு. கத்தட்டும். எரிய வுடுங்க." கண்ணை மூடிக்கொண்டாள். "நான் சொன்னேன்னு சொல்லிக்கில்லி வெக்காத."

லாவண்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆளுக்காக இது ஒன்றுதான் குறைச்சல் என்று தோன்றியது. அம்மா மேல் வந்த கோபமா, அப்பா மேல் வந்த கோபமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மத்தியானம் பந்தலில் கூட்டம் நிறைந்துவிட்டது. தெருவை அடைத்து நாற்காலி போட்டிருந்தார்கள். மேளக்காரர்கள் தோலைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். விக்ரம் அவளைப் பின்பக்கம் மோட்டார் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அத்த சொல்றது நெஜமாக்கா? நைனா பொட்டு வெக்கக் கூடாதுன்னியாமே?"

"அம்மா சொன்னாங்கடா."

"அம்மா ஆயிரம் சொல்லுவாங்க. கோவத்துல சொன்னதையெல்லாம் எடுத்துகினு வந்து இங்க சீன் போடுவியா? நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும். வருஷக்கணக்கா மூஞ்சியப் பாக்காதவரு, கடைசில வந்து பூ வெச்சா அவங்களுக்குப் பாக்கறதுக்கு நல்லாருக்கும். அம்மாவுக்கு?"

"அம்மா செத்துட்டாங்கக்கா." சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. அதனால் இன்னும் கோபமாகப் பேசினான். "நீ பாட்டுக்கு சொல்லிட்டு வேலப்பன்சாவடிக்குப் பஸ் ஏறிடுவ. நாளிக்கு அவரு கூட நான்தான் குந்திகினு இருக்கணும். பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போவணும். கூட்டத்துல அவர அசிங்கப்படுத்தி வுட்டின்னா அப்பறம் அவரு எழுந்திருக்கவே மாட்டாரு. அது உனக்கு ஓகேவா?"

லாவண்யா கொஞ்சம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "ஓகேதான்," என்றாள்.

"நீயும் அவரு மாதிரியே ஆயிட்டக்கா," என்று சொல்லிவிட்டு விக்ரம் போனான். அது அவளுக்கு வலித்தது. வலித்ததற்காக முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

மூன்று மணிக்கு வண்டி வந்து தெருமுனையில் நின்றது. புடவைகளைத் திரையாகப் பிடித்து அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். தாய்வீட்டுக் கோடிப் புடவையைக் கட்டிப் பந்தலுக்கு நடுவில் பெஞ்சில் கிடத்தினார்கள். மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள். பெண்கள் முன்னால் நெருக்கியடித்து நிற்க, ஆண்கள் நாற்காலியில் இருந்தபடியே கழுத்தை நீட்டினார்கள். மஸ்கட்டில் இருக்கிற மங்களம் அத்தையின் மகள் வீடியோ காலில் வந்திருந்தாள். அத்தையின் மருமகன் ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

"ஒண்ணும் தெரியலங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க," என்று மஸ்கட் சொன்னது.

லாவண்யா தலைமாட்டில் நின்றுகொண்டாள். குங்குமமும் பூச்சரமும் இருந்த தட்டு அவள் கையில்தான் இருந்தது. மங்களம் அத்தை ஒரே பிடுங்காகப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"கஜபதி, வாடா. வந்து உன் பொண்டாட்டிக்குப் பொட்டு வெச்சி அனுப்புடா."

அவர் வந்தார். சட்டை இல்லை, தோளில் துண்டு மட்டும். கூட்டம் வழிவிட்டது. பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்று, குனிந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் பெட்டிப் பக்கம் போகவே இல்லை என்பது அப்போதுதான் லாவண்யாவுக்கு உறைத்தது. இப்போதுதான் பார்க்கிறார். ஒருவேளை இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நேராகப் பார்க்கிறார்.

அத்தை அவர் விரலைப் பிடித்துக் குங்குமத்தில் தோய்த்தாள்.

அவர் தோள் முதலில் குலுங்கியது. பிறகு ஒரு சத்தம் வந்தது. மாட்டுத் தொண்டையிலிருந்து வருகிற மாதிரி, வார்த்தை இல்லாத ஒரு சத்தம். மூக்கிலிருந்து நீர் ஒழுகி மீசையில் இறங்கியது. துடைக்கவில்லை. "வனஜா," என்றார். "ஏய் வனஜா. வனஜா."

பெண்கள் கூட்டம் அப்படியே கரைந்தது. "இன்னா பாசம் பாரு." "வெளிய காட்டிக்காத மனுசன். உள்ளுக்குள்ள எத்தினி வெச்சிருந்தான் பாரு." "குடுத்து வெச்சவடி நீ வனஜா." மஸ்கட்டிலிருந்து, "அய்யோ மாமா, அழாதீங்க மாமா," என்று விசும்பல் கேட்டது. தெரு முழுக்க எல்லோருக்கும் இந்த வீட்டுக் கதை தெரியும். தெரிந்தவர்கள்தான் அழுதார்கள். ரோஷினி லாவண்யாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் ஈரமாக, "அங்கிள் பாவங்கக்கா," என்றாள்.

அது நடிப்பாக இருந்திருந்தால் லாவண்யாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நடிப்பில்லை. ஒரு கணம் அவளுக்கே நெஞ்சு இளகியது. எல்லோரும் அழுகிறார்கள், தம்பி அழுகிறான், ஒரு பொட்டுதானே, வைத்துவிட்டுப் போகட்டும் என்று மனசு சொன்னது. அப்படித்தான் மன்னிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. பூட்டி வைத்தவனை விட்டுவிட்டு, அழுகிறவனை மட்டும் பார்த்துக்கொண்டு. பார்க்கிறவர்களுக்கு அது சௌகரியம்.

அப்பாவின் சிவந்த விரல் அம்மாவின் நெற்றிக்கு வந்தது. லாவண்யா தன் கையைக் குறுக்கே வைத்தாள்.

"வேணாம் நைனா."

அவர் அழுகை நடுவில் நின்றது.

"அடிப்பாவி! இன்னாடி பண்ற?" என்று அத்தை அலறினாள். யாரோ லாவண்யாவின் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உதறிக்கொண்டாள். "அக்கா!" என்றான் விக்ரம். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"அம்மா வேணாம்னு சொன்னாங்க. உன் கை படக் கூடாதுன்னு சொன்னாங்க."

மஸ்கட் மட்டும், "என்ன ஆச்சி? யாரு என்ன சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. மருமகன் ஃபோனைத் தாழ்த்தி, அதை அணைத்தான்.

கஜபதி நிமிர்ந்தார். அடி விழும் என்று அவள் எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுகூடப் பிற்பாடு நினைத்துக்கொண்டாள். அவர் கோபப்படவில்லை.

"உன் கைல சொன்னாளா?"

"ஆமா."

"எப்ப?"

"ஆஸ்பத்திரில."

அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவை அம்மாவைப் பார்த்தார். மறுபடியும் லாவண்யாவைப் பார்த்தார். அவர் கேட்டது பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டிருக்காது. அவ்வளவு சின்னக் குரல்.

"வேற இன்னா சொன்னா?"

அப்பாவின் முகத்தை அவள் இத்தனை கிட்டத்தில் பார்த்து ரொம்ப நாளாயிற்று. கேட்கிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. எதையாவது கொடு, திட்டாக இருந்தாலும் கொடு என்று நின்றது அந்த முகம். லாவண்யாவுக்கு ஹால் லைட் விஷயம் தொண்டைவரை வந்துவிட்டது. சொல்லாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

"உன்னப் பத்தி வேற ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும்?"

"ஒண்ணும் சொல்லல நைனா."

கஜபதி விரலில் இருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் தட்டிலேயே உதிர்த்தார். ஒரு துளியும் கீழே சிந்தாமல் பார்த்து உதிர்த்தார். துண்டை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு, கூட்டத்தை விலக்கி வெளியே நடந்தார். யாரும் தடுக்கவில்லை. லாவண்யா அம்மாவுக்குப் பொட்டு வைத்தாள். கொஞ்சம் கோணலாகப் போயிற்று. சுண்டு விரலால் சரிசெய்தாள். பூவைச் சொருகினாள். வெறுப்போடு பார்க்கிற கண்கள் முதுகில் குத்துவது தெரிந்தது. அத்தை மண்ணை வாரித் தூற்றாத குறையாக முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "தூக்குங்கப்பா, நேரமாச்சி," என்று யாரோ சொன்னார்கள். மேளம் மறுபடியும் ஆரம்பித்தது.

அப்போதுதான் அவள் தெருப்பக்கம் பார்த்தாள். பந்தலின் கடைசி வரிசையில் அப்பா ஒரு காலி நாற்காலியை எடுத்து இன்னொன்றின் மேல் கவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதன் மேல் இன்னொன்று. அந்த வரிசை முடிந்ததும் ஆட்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கு வந்து, பார்த்தது போதும் என்பதுபோல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டார். பக்கத்திலிருந்தவரும் எழுந்தார். ஒவ்வொருவராக எழுந்து ஓரமாக ஒதுங்கினார்கள். அவர் அடுக்கிக்கொண்டே வந்தார்.